விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி

ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் பட்டு நெசவுக்கென்று தனித் தொழிற்சாலை கிடையாது, வீடுதான் தொழிற்சாலை. முன்கட்டில் தறி, அதன் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, பின்கட்டில் அடுப்பு. பட்டும் ஜரிகையும் முதலாளியிடமிருந்து வரும், நெய்த சேலை முதலாளியிடம் போகும், நடுவில் முன்பணம் என்ற கடன் கணக்கு முடிவில்லாமல் ஓடும். கோர்வைச் சேலை என்றால் கரையை உடலோடு பிணைக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை மனைவியுடையதாக இருக்கும், தங்கையுடையதாக இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையுடையதாகவும் இருக்கும். வீடும் வேலையிடமும் ஒன்றாகிவிட்ட இப்படிப்பட்ட இடத்துக்குள் அரசின் கண் எளிதில் நுழைவதில்லை. தொழிலாளர் ஆய்வாளர் பார்த்தால் அது வீடு. போலீஸ் பார்த்தால் அது குடும்ப விவகாரம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமே, பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. ஆபத்தான தொழில்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்று எழுதவும் செய்தது. எழுதியதை எந்த அதிகாரி எந்த வீட்டுக்குள் போய்ச் சரிபார்ப்பார் என்பது வேறு கதை. கடைசியில், அந்த வாசல்படியைத் தாண்டி வெளியே வந்து, பொதுப் பொறுப்புள்ள ஒருவர் முன்னால் உட்காருவது உடம்பு ஒன்றுதான். வயிற்று வலி, கை முறிவு, பதினாறு வயதில் தள்ளிப்போன மாதவிடாய், படுக்கைப் புண்ணோடு தூக்கிவரப்படும் கிழவி. தறி வீட்டைப் பற்றி வெளியுலகுக்குக் கிடைக்கிற சாட்சி பெரும்பாலும் இவ்வளவுதான், அதைப் பார்க்கிறவர் மருத்துவரோ செவிலியரோதான்.

பார்த்தவர் சொல்ல வேண்டுமா? வேண்டும் என்பதே என் பதில். ஆனால் இன்றைய சட்டம் சொல்லச் சொல்லுகிற விஷயம் மிகக் குறுகியது, அதைப் போய்ச் சொல்லச் சொல்லுகிற இடம் பெரும்பாலும் தவறானது. இரண்டையும் சரிசெய்யாமல் மருத்துவரின் கடமையைப் பற்றி மட்டும் பேசினால், பழியை ஓ.பி. அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் தலையில் இறக்கிவிட்டு மற்றவர்கள் கைகழுவிக்கொள்வதாக ஆகும்.

முதலில் சட்டத்தின் கோணல். 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாக அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும், காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. பாலியல் வன்முறைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவருக்கு இலவச சிகிச்சை தந்து உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2013இல் வந்த விதி இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவாக இருக்கிறது. இங்கே சட்டத்தின் குரல் உரத்து ஒலிக்கிறது. அடுத்த படிக்கு வாருங்கள். கணவனால் அடிபட்டு வரும் பெண்ணுக்கு, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சம்பவ அறிக்கை ஏற்கெனவே எழுதப்படாவிட்டால் மருத்துவமனைப் பொறுப்பாளரே அதை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். ஒரு தாலுகா மருத்துவமனையில் அந்தப் படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் விதியின் உயிர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்கும் அடுத்த படி மாற்றுத் திறனாளிகள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் கொடுமைப்படுத்தப்படுவதை அறிந்தவர் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம், தெரிவிக்காமலும் இருக்கலாம். முதியோருக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஜீவனாம்சத்துக்குத் தீர்ப்பாயம் அமைத்தது, கைவிடும் பிள்ளைகளுக்குத் தண்டனை வைத்தது, மருத்துவரை மட்டும் மறந்துபோனது. தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்த பிள்ளையைப் பற்றி மருத்துவர் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு ஊர்களில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசியது. அந்தப் பிள்ளைகளும் காய்ச்சலுக்கும் கண் எரிச்சலுக்கும் யாரோ ஒரு டாக்டரிடம் போயிருப்பார்கள் அல்லவா? சட்டம் அந்த டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் மருத்துவர் தாமாகவே பார்ப்பார், தாமாகவே பேசுவார் என்று நம்பலாமா? வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை. 1946இல் ஜான் கேஃபி என்ற அமெரிக்க ஊடுகதிர் மருத்துவர், மண்டைக்குள் இரத்தக் கட்டும் கைகால் எலும்புகளில் முறிவும் சேர்ந்திருந்த ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். எலும்புகள் சொன்னது தெளிவாகவே இருந்தது, ஆனாலும் அடித்தது பெற்றோர் என்று மருத்துவ உலகம் வாய்விட்டுச் சொல்ல இன்னும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1962இல் ஹென்றி கெம்ப்பும் சக மருத்துவர்களும் 71 மருத்துவமனைகளில் விசாரித்து, ஒரே ஆண்டில் 302 குழந்தைகள் இப்படி வந்ததாகவும் அவர்களில் 33 பேர் இறந்ததாகவும் அச்சிட்டார்கள். பெற்ற தாய் தகப்பன் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப மருத்துவர்களுக்கே மனம் வருவதில்லை என்பதையும் அதே கட்டுரை ஒளிக்காமல் எழுதியது. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் கட்டாயத் தகவல் சட்டம் வந்துவிட்டது. காணும் திறமை இருந்தும் காண மறுக்கிற மனம் என்பது எந்த ஊர் மருத்துவருக்கும் உண்டு. தன்னைப் போலவே உடுத்தி, தன் மொழியே பேசி, கையெடுத்துக் கும்பிட்டு எதிரில் நிற்கும் தகப்பனைச் சந்தேகிப்பது இயல்பான காரியமில்லை. அதனால்தான் இதைத் தனிமனிதரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் கடமையாக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. 2022 ஜூன் மாதம் ஈரோட்டில் வெளிவந்த கருமுட்டை விவகாரம் நம் கண் முன்னால் நடந்தது. பதினாறு வயதுப் பெண்ணை அவள் தாயும், தாயோடு வாழ்ந்த ஆளும், ஒரு தரகரும் சேர்ந்து, போலி ஆதாரில் வயதைக் கூட்டி, மீண்டும் மீண்டும் தனியார் மருத்துவமனைகளுக்குக் கூட்டிப்போய்க் கருமுட்டை விற்கவைத்தார்கள் என்பது வழக்கு. செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின்படி கருமுட்டை கொடுப்பவருக்குக் குறைந்தது 23 வயது ஆகியிருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம். சுகாதாரத் துறையின் குழு விசாரித்தது, சில மருத்துவமனைகளை மூட உத்தரவு வந்தது, அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் உண்டு. எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வழக்கு முடிவு செய்யட்டும். எனக்கு உறுத்துவது வேறு. கருமுட்டை எடுப்பது ஒரு நாள் வேலை அல்ல. பல நாள் ஊசி, அடுத்தடுத்து ஸ்கேன், கடைசியில் மயக்க மருந்து என்று போகும். ஒரு பதின்வயதுப் பெண்ணின் உடம்பை அத்தனை நாள், அத்தனை பேர், அத்தனை அருகில் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தவர், ஊசி போட்ட நர்ஸ், மயக்கம் கொடுத்தவர் என்று வரிசை நீள்கிறது. ஆதார் அட்டையில் இருந்த எண், கண்ணெதிரே படுத்திருந்த பெண்ணைவிடப் பெரிய சாட்சியாகிவிட்டது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். மருத்துவர் என்ன துப்பறிவாளரா? கொடுத்த அட்டையை நம்பாமல் வேறு எதை நம்புவது? உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகக் காது கொடுத்திருக்கிறது. கேரளத்தின் கொட்டியூரில் பாதிரியார் ஒருவரால் கர்ப்பமாக்கப்பட்ட சிறுமிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவர்கள் மீதும் மருத்துவமனை நிர்வாகியான கன்னிகாஸ்திரீ மீதும் தகவல் சொல்லவில்லை என்று வழக்குப் போட்டார்கள். பதிவேட்டில் வயது 18 என்றிருந்தது, பிரசவ வேதனையோடு வந்தவளிடம் வயதை விசாரித்து அறியும் கடமை மருத்துவருக்கு இல்லை என்று 2018 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 2 அன்று, மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடி மாணவியர் விடுதியில் நடந்த கொடுமையை அறிந்தும் சொல்லாமலிருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை மாற்றி, அவர் விசாரணையைச் சந்திக்கட்டும் என்றது. அறிந்தும் சொல்லாமலிருப்பது பெரிய குற்றம் என்றும், குற்றவாளியைக் காக்கிற முயற்சியாகவே அது பெரும்பாலும் முடியும் என்றும் அந்தத் தீர்ப்பு கருதியது. இரண்டு தீர்ப்புகளுக்கும் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிரசவ வலியில் துடிக்கிறவளிடம் பள்ளிச் சான்றிதழ் கேட்கிற மருத்துவர் நமக்கு வேண்டாம். ஒரே விடுதியிலிருந்து ஒரே மாதிரியான நோவோடு பெண்பிள்ளைகள் அடுத்தடுத்து வரும்போது மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிற மருத்துவரும் வேண்டாம். தேடிப்போக வேண்டியதில்லை, தேடாமலே மேசைக்கு வந்து விழுவதை ஒதுக்கித் தள்ளக் கூடாது என்பதுதான் அளவு. சந்தேகப்பட்டால் போதும், நிரூபிப்பது இன்னொருவர் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்று 19ஆம் பிரிவே காப்பும் தருகிறது.

இரண்டாவது மறுப்பு இரகசியத்தைப் பற்றியது, இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. நோயாளி மனம்விட்டுப் பேசுவது, பேசியது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவதை ஒழுங்கீனமாகச் சொல்லிவிட்டு, உடனே விலக்குகளையும் சொல்கின்றன. நீதிமன்ற உத்தரவு, அறிவிக்கவேண்டிய நோய், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ தெளிவான பேராபத்து. காலராவையும் காசநோயையும் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்ட தொழில் இது. ஆக இரகசியம் என்பது ஒருநாளும் நிபந்தனையற்றதாக இருந்ததில்லை. அது யாருடைய இரகசியம் என்பதுதான் பார்க்கவேண்டியது. பேசத் தெரிந்த, முடிவெடுக்கத் தெரிந்த முப்பது வயதுப் பெண் ‘இதை யாரிடமும் சொல்லாதீங்க டாக்டர்’ என்றால் அந்த இரகசியம் அவளுடையது, அவள் சம்மதமில்லாமல் அதை எடுத்துக்கொண்டுபோய் ஸ்டேஷனில் வைப்பது அவளுக்கு இன்னொரு முறை நேரும் பறிப்பு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்கிறது. இந்திய அளவில் வன்முறைக்கு ஆளானவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் எவரிடமும் சொல்லவும் இல்லை, உதவி தேடவும் இல்லை. இவர்களைக் கேட்காமலே புகார் எழுதினால் மிச்சமிருக்கிற நான்கில் ஒரு பங்கும் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் இரகசியம் என்று தகப்பன் காக்கச் சொல்வது குழந்தையின் இரகசியமா, தகப்பனின் இரகசியமா? நினைவு தப்பிய கிழவியின் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருக்கும்போது மகன் கேட்கிற மானம் யாருடைய மானம்? தானாகப் பேச முடிந்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும், பேச முடியாதவருக்காக மருத்துவர் பேச வேண்டும். இந்தக் கோட்டை நம் சட்டங்கள் எங்கும் தெளிவாக இழுக்கவில்லை.

கோடு மிகவும் குழம்பிக்கிடப்பது பதின்வயதில்தான், மூன்றாவது மறுப்பின் பலமும் அங்கேதான். தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள் என்கிறது அதே ஆய்வு. 15–19 வயதினரில் 6.3 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருப்பவர்கள். இவர்களில் ஒவ்வொருவரும் மருத்துவமனைப் படியேறும்போது போக்சோவும் கூடவே ஏறுகிறது. கிராம சுகாதார செவிலியர், ஊர் வழக்கில் நர்சம்மா, கர்ப்பத்தைக் கணினியில் பதிந்து ஆர்.சி.எச். எண் வாங்கித் தர வேண்டும், அந்த எண் இல்லாமல் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பாடு. பதிந்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் வழக்கு, வழக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் தகப்பன் சிறைக்குப் போவான். எனவே வயதைக் கூட்டிச் சொல்வார்கள், ஏழாம் மாதம்வரை மறைப்பார்கள், அல்லது வேறு வாசலைத் தேடுவார்கள். அந்த வேறு வாசல் எப்படியிருக்கும் என்பதை ஆரணியின் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையே பார்த்திருக்கிறது. மருத்துவம் படிக்காத ஒரு பெண் ஆண்டுக்கணக்காகக் கருக்கலைப்பு செய்துவந்தது 2018 டிசம்பரில் பிடிபட்டது. அங்கே போனவர்கள் எல்லாரும் பதின்வயதினர் அல்லர், பாலினம் பார்த்துக் கலைக்கப் போனவர்களும் உண்டு. ஆனாலும் முறையான கதவில் பயம் நிற்கும்போது முறையற்ற கதவுக்குக் கூட்டம் சேரும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

இந்த மறுப்பை நீதிமன்றங்கள் ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டுவிட்டன. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் காவல்துறைக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் மருத்துவருக்கு இல்லை என்றது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு இதைத் தமிழ்நாட்டின் நடைமுறைக்குக் கொண்டுவர முனைந்தது. மேற்கு வங்கத்து வழக்கொன்றில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பதினான்கு வயதில் ஒருவனோடு போய்க் குடும்பமான பெண்ணுக்கு எது பெரிய காயத்தைத் தந்தது என்று ஒரு நிபுணர் குழுவை வைத்துக் கேட்டது. சட்டத்தின் கண்ணில் குற்றமாக இருந்ததைவிட, அதற்குப் பின் வந்த போலீஸும் கோர்ட்டும், அவனை மீட்க அவள் பட்ட கடனும்தான் அவளை உருக்குலைத்தன என்பது கிடைத்த பதில். தண்டனை விதிக்காமல் நீதிமன்றம் வழக்கை முடித்தது. இதையெல்லாம் எடுத்துக்காட்டி, ஆகவே கட்டாயத் தகவலே தவறு என்று வாதிடுகிற பெண்ணிய அமைப்பினரும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கவலை சரி, முடிவில் மட்டும் நான் கூடப்போக மாட்டேன். பதினாறு வயதுப் பெண் விரும்பியே போனாள் என்பதை யார் சொல்கிறார்கள்? பக்கத்தில் நிற்கிற மாமியார். முன்பணக் கடனுக்கு ஈடாக முதலாளி வீட்டு உறவினருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணும், தானே விரும்பி ஓடிப்போன பெண்ணும் ஓ.பி. சீட்டில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். இரண்டையும் பிரித்தறிய அவளைத் தனியாக உட்காரவைத்து, அவசரமில்லாமல் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் காக்கிச் சட்டைக்காரராக இருக்கக் கூடாது.

இங்கேதான் சட்டம் பெரிதாகச் சறுக்குகிறது. 19ஆம் பிரிவு தகவலை ஏற்கும் இடமாகச் சிறார் சிறப்புக் காவல் பிரிவையோ உள்ளூர்க் காவல் நிலையத்தையோதான் காட்டுகிறது. குழந்தை நலக் குழுவுக்கு அந்தச் செய்தி போவது அதற்குப் பிறகு, காவல்துறையின் கையால், 24 மணி நேரத்துக்குள். வரிசை தலைகீழாக இருக்கிறது. 2024 ஆகஸ்டில் சென்னை அண்ணா நகரில் பத்து வயதுச் சிறுமியை உடல்நலமில்லை என்று பெற்றோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள், தகவல் போலீஸுக்குப் போனது, கடமை சரியாகவே நிறைவேறியது. பிறகு நடந்தது என்ன? மகளிர் காவல் நிலையத்தில் தாங்களே தாக்கப்பட்டதாகப் பெற்றோர் புகார் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, கடைசியில் அந்த நிலையத்தின் ஆய்வாளரே கைதானார். இது மாநிலத் தலைநகரில், பத்திரிகைகளின் கண்ணெதிரே நடந்தது. 1992இல் தமிழ்நாடு மகளிர் காவல் நிலையங்களைத் தொடங்கியது பெருமைக்குரிய காரியம்தான், ஆனால் பெண் போலீஸ் என்பதாலேயே போலீஸ் வேறொன்றாக மாறிவிடுவதில்லை.

ஆரணி போன்ற ஊருக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1970களின் தொடக்கம் முதல் இந்த ஊரைத் தொடர்ந்து ஆராய்ந்துவந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட், நாற்பதாண்டு மாற்றங்களைத் தொகுத்து 2016இல் ஒரு நூல் கொண்டுவந்தார். இந்தியாவின் முறைசாராப் பொருளாதாரத்தைச் சட்டத்தைவிடச் சாதியும் பாலினமும் மதமுமே ஒழுங்குபடுத்துகின்றன என்பது அவர் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. தகவல் கொடுக்கும் மருத்துவரும் அந்த ஒழுங்குக்குள்தான் வாழ்கிறார். தனியார் கிளினிக் வைத்திருப்பவருக்கு நெசவாளரும் நோயாளி, முதலாளியும் நோயாளி, சில சமயம் கட்டட உரிமையாளரும் அந்த முதலாளியே. போலீஸுக்குப் போன் போட்டது யார் என்பது பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும். தகவல் ஸ்டேஷனை அடைந்ததும் சாதிப் பெரியவர்களும் கட்சிக்காரர்களும் வந்து உட்கார்வார்கள். அடித்தது சொந்தச் சாதி மாப்பிள்ளை என்றால் சமரசம், ஓடிப்போனது வேறு சாதிப் பையனோடு என்றால் போக்சோ. 2012 நவம்பரில் தருமபுரியில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்துக்காக தலித் குடியிருப்புகள் எரிந்ததைப் பார்த்த வடதமிழ்நாட்டில் இந்த ஆயுதம் யார் கைக்குப் போகும் என்று விளக்க வேண்டியதில்லை. குழந்தை நலக் குழுவோ சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, மாவட்டத் தலைநகரில். அங்கே போய்வர ஒரு நாள் தறி நிற்கும். தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை.

அப்படியானால் மருத்துவர் என்னதான் செய்வது? என் வாதத்தின் மையம் இங்கே இருக்கிறது. சட்டம் சொல்லாமலிருப்பதைத் தண்டிக்கிறது, எழுதாமலிருப்பதைக் கண்டுகொள்வதில்லை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, எல்லாரும் ஏ.ஆர். என்பார்கள். வந்த நேரம், கூட்டிவந்தவர் யார், எங்கே எப்போது எதனால் நேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது, தெரிந்த நபரா தெரியாத நபரா, காயத்தின் நீளம் அகலம் நிறம் என்று அதில் எழுத வேண்டும். ‘வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் வழுக்கி விழுந்ததுதான் வரலாறு. அதற்குப் பதிலாக, ‘வழுக்கி விழுந்ததாக உடன் வந்த கணவர் சொல்கிறார், நோயாளி பேசவில்லை, இரண்டு முன்கையின் வெளிப்புறத்திலும் வெவ்வேறு நிறத்தில் கன்றல்கள், ஒன்று மஞ்சள் ஒன்று கருநீலம்’ என்று எழுதினால் யார் மீதும் குற்றம் சுமத்தாமலே எல்லாம் சொல்லியாகிவிடும். விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார், அடியைத் தடுக்கிறவர்தான் முன்கையை உயர்த்துவார். மஞ்சள் கன்றல் பழையது, சற்று முன்பு விழுந்ததில் அது வந்திருக்காது. இந்த வரியை எழுத மருத்துவருக்குப் போலீஸ் அனுமதி வேண்டாம், நோயாளி புகார் கொடுக்கவும் வேண்டாம். ஐந்து வருடம் கழித்து அவள் ஜீவனாம்சமோ பாதுகாப்பு உத்தரவோ கேட்டுப் போகும் நாளில் அந்த வரி அவள் கையில் இருக்கும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி, பாலியல் வன்முறைக்கு ஆளானவர் போலீஸ் வேண்டாம் என்றால் அந்த மறுப்பையும் எழுதி வாங்கி வைக்கச் சொல்கிறது. மறுப்பையும் பதிவாக ஏற்கிற இந்த முறை வீட்டில் அடிபட்டவர், முதியவர், மாற்றுத் திறனாளி என்று எல்லாருக்கும் விரிய வேண்டும். தனியார் கிளினிக்குகளுக்கும் விரிய வேண்டும், ஏனென்றால் பிரச்சினை வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் ஓடுவது அங்கேதான்.

பதிவு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். அந்தச் சங்கிலிகள் ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல, தர்காவுக்கு வந்துபோன அத்தனை பேரும் பார்த்தவைதான். எழுதிவைக்க ஒருவரும் பெற்றுக்கொள்ள ஒருவரும் இருந்தாலொழியப் பார்ப்பதால் ஒன்றும் ஆவதில்லை. பெற்றுக்கொள்ளும் இடத்தைக் காவல் நிலையத்திலிருந்து பிரித்து, தாலுகா அளவில், மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே ஒரு சமூகப் பணியாளரின் மேசையாக வைக்கலாம். குழந்தைக்கும், தானாகப் பேச முடியாத முதியவருக்கும், மனவளர்ச்சி குன்றியவருக்கும் மருத்துவரின் தகவல் கட்டாயம். கொடுமை செய்பவர் பெற்றோராக, விடுதிக் காப்பாளராக, வேலை தருபவராக இருந்தால் அது அன்றே போலீஸுக்கும் போக வேண்டும். வயதொத்த இருவரின் உறவாகத் தெரிந்தால் பெயரில்லாமல் அந்த மேசையோடு நிற்கட்டும். தறியில் பிள்ளை உட்காருவதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டும், பட்டு முதலாளிகள் இதற்கு மகிழ மாட்டார்கள். தகவல் தந்த மருத்துவருக்கு இத்தனை நாளுக்குள் என்ன நடந்தது என்று எழுத்தில் பதில் வர வேண்டும். இதற்கெல்லாம் பணம் ஏது என்பார்கள். கர்ப்பிணி ஒருவருக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிற, ஒவ்வொரு கர்ப்பத்தையும் எண் போட்டுக் கணினியில் தொடர்கிற மாநிலம் இது. ஆரணி அரசு மருத்துவமனையில் ஒரு மேசையும், அதில் உட்கார ஒரு சமூகப் பணியாளரின் சம்பளமும் அதன் கணக்கில் எந்த மூலைக்குக் காணும்?